மேடு எழுப்ப மெஷின் எதற்கு?

"டீச்சர், எம்பாஸிங் மெஷின் எது வாங்கலாம்? பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

கைவேலை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களில் மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். "மெஷின் வேண்டாம்மா, வீட்டில இருக்கிற சாமானே போதும்" என்று சொன்னால் அவர் முகம் வாடிப்போகிறது. செலவு செய்ய முடியாதவர்களுக்கு நான் ஏதோ ஒப்பேற்றும் வழி சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். மறுவாரமே கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து உருளை வைத்த மெஷினும், நான்கைந்து பிளாஸ்டிக் அச்சு உறைகளும் வாங்கிவிடுகிறார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது பரண் மேல் இருக்கிறது.

காகிதத்தில் மேடு எழுப்புவது மெஷினின் வேலை, கையால் செய்வது பிள்ளை விளையாட்டு என்ற எண்ணம் இன்று கைவினைப் பொருள் விற்கும் கடைக்காரர் முதல் பயிற்சி வகுப்பு நடத்துபவர் வரை எல்லோரிடமும் ஊறிக் கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானே பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில், குண்டூசித் தலையால் எழுப்பிய மாவிலை ஒன்றைக் காட்டினேன். "இது எம்பாஸிங் இல்லைங்க, கீறல். எம்பாஸிங்குன்னா மெஷின்ல போடணும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று தெரியும். அந்தக் கருத்து தவறு. ஏதோ ஓரளவுக்குத் தவறு என்று சொல்ல வரவில்லை. காகிதம் என்றால் என்ன, அழுத்தம் என்றால் என்ன, இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்ற மூன்று இடத்திலும் அது தவறு.

முதலில் அழுத்தம். கைக்குப் பலம் போதாது என்பதுதான் அந்தக் கட்சியின் முதல் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் முனையில் இருக்கும் குண்டு சுமார் 1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அந்த வட்டத்தின் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் (ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கும் பலம்தான், ஏழு வயதுப் பிள்ளைக்கும் உண்டு) அந்த இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 127 கிலோ என்ற கணக்கில் அழுத்தம் விழுகிறது. ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். அந்தத் தாள் முழுவதும் ஒரே நேரத்தில் இதே அழுத்தம் வேண்டுமென்றால் 79 டன் தேவை!

எந்த வீட்டு மெஷினாலும் 79 டன் தர முடியாது. அதனால்தான் அதில் இரண்டு உருளைகளை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய பட்டை அளவு மட்டும் அழுந்தும்படி செய்திருக்கிறார்கள். கை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் அழுத்துகிறது. ஆக மெஷின் இல்லாமல் அழுத்தவே முடியாது என்பது பொய். பல இடங்களை ஒரே நேரத்தில் அழுத்தத்தான் மெஷின் வேண்டும். அது மிச்சப்படுத்துவது நேரத்தை. நேரம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒன்றை, அது இல்லாமல் வேலையே நடக்காது என்று சொல்லி விற்பது நியாயமில்லை.

அடுத்தது காகிதம். இந்தத் தொழிலில் உண்மையான எஜமான் அதுதான். காகிதம் என்பது தாவர நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் ஒரு மெல்லிய பாய். சாதாரணக் காற்றில் இருக்கும் 100 கிராம் காகிதத்தில் ஐந்தாறு கிராம் தண்ணீர் எப்போதும் இருக்கும். நாருக்கும் நாருக்கும் இடையே உள்ள பிடிப்பைத் தண்ணீர் இளக்குகிறது. இளகிய நேரத்தில் அழுத்தினால் நார்கள் இடம் மாறி வளைகின்றன. காய்ந்ததும் புதிய வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. மேடு எழும்புவதும் எழும்பியது நிற்பதும் இப்படித்தான். மேலே அழுத்துவது இரும்பு உருளையா, கரண்டியின் முதுகா என்று நாருக்குத் தெரியாது.

நார் நீளமாக இருந்தால் இழுபடும், குட்டையாக இருந்தால் அறுபடும். பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதம் எத்தனை அழுத்தினாலும் கிழியாமல் மேடு தாங்குவது அதனால்தான். புதுச்சேரியில் ஆசிரமத்தார் செய்யும் பருத்திக் காகிதத்தில் ஒரு துண்டு கிடைத்தால் தொட்டுப் பாருங்கள், தோல் போல இருக்கும். கரும்புச் சக்கையிலும் கடின மரத்திலும் செய்யும் ஜெராக்ஸ் தாள் எழுதுவதற்கு அருமையானது, குட்டை நார் என்பதால் ஆழமான மேட்டுக்கு ஒத்துவராது. பளபளப்பான ஆர்ட் பேப்பரின் மேல் களிமண் பூச்சு இருக்கும். மேடு எழும்பும்போது கீழே உள்ள நார் வளையும், மேலே உள்ள பூச்சு வளையாமல் வெடிக்கும். வீட்டில் முயன்று தோற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளையோ பளபளப்பு அட்டையையோ வைத்துக்கொண்டுதான் போராடியிருப்பார்கள். கிழிந்ததும் "நம்ம கையால ஆகாது" என்று முடிவு கட்டுவார்கள். அதே அட்டையை மெஷினில் விட்டிருந்தாலும் விளிம்பு வெடித்துத்தான் இருக்கும்.

பொருள் சரியில்லை என்றால் இயந்திரம் என்ன பாடுபட்டாலும் காப்பாற்றாது என்பதற்கு நம் நாட்டின் தபால் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1852-ல் சிந்துப் பகுதியின் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர் அரை அணா மதிப்பில் தபால்தலை வெளியிட்டார். சிந்து டாக் என்று பெயர். ஆசியாவின் முதல் ஒட்டும் தபால்தலை அதுதான். மையால் அச்சிடாமல் புடைப்பு முத்திரையாக எழுப்பப்பட்டது. அதில் ஒரு வகை, அரக்குப் போன்ற சிவப்பு வில்லையில் செய்தது. முத்திரை அழகாகவே பதிந்தது, ஆனால் வில்லை நொறுங்கியது. பிறகு வெள்ளைத் தாளில் எழுப்பினார்கள். மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீல நிறத்தில் செய்தார்கள். 1854-ல் மொத்தமும் திரும்பப் பெறப்பட்டது. அங்கே இடறியது அழுத்தமா? சிவப்புக்குப் பொருள் இடறியது, வெள்ளைக்கு வெளிச்சம் இடறியது. வீட்டில் நாம் தோற்பதும் இந்த இரண்டில்தான்.

என் அப்பா சிவகாசியில் டிரெடில் மெஷின் ஓட்டியவர். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் எம்பாஸிங் போடும் நாட்களில் அவருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். பள்ளி விட்டு வரும்போது நான் அச்சகத்தில் எட்டிப் பார்ப்பேன். பள்ளமாக அரித்த துத்தநாகப் பிளாக் ஒரு பக்கம் இருக்கும், அது பெண் டை. அதற்கு எதிரே, அதே உருவம் மேடாக இருக்கும் ஆண் டை வேண்டும். அந்த ஆண் டை எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? அப்பா கையால் செய்வார். அட்டையைப் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டி, ஈரம் காயும் முன் பிளாக்கின் மேல் மெதுவாக அழுத்தி எடுப்பார். பிறகு பிளேடால் ஓரம் சீவுவார், தும்பிக்கை சரியாக எழும்பவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் டிஷ்யூத் தாளில் ஒரு நறுக்கு ஒட்டுவார், மறுபடி ஒரு தாள் போட்டுப் பார்ப்பார். ஒரு பிள்ளையாருக்கு அரை நாள் போகும். அதன்பின் மெஷின் ஓடுவது ஆயிரம் பத்திரிகைக்கு ஒரு மணி நேரமோ என்னமோ.

மெஷின் எம்பாஸிங் என்று நாம் வாய் பிளந்து பார்த்த அந்தப் பிள்ளையார், உண்மையில் என் அப்பாவின் கை எழுப்பியது. மெஷின் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. இதை அச்சகத்துக்காரர் எவரும் மறுக்க மாட்டார். மெஷின் பெருமை பேசுபவர்கள் அச்சகத்துக்குள் கால் வைக்காதவர்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறையிலும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அந்த மேடு பள்ளத்தை வேறொருவர் எங்கோ தீர்மானித்துவிட்டார். நமக்கு மிஞ்சியது கைப்பிடியைச் சுற்றும் வேலை.

சிவகாசியையும் விடுங்கள். அச்சு இயந்திரமே இல்லாமல் உலகத்தின் மிக நுட்பமான காகிதப் புடைப்பைச் செய்தவர்கள் ஜப்பானியர்கள். 1765-ஐ ஒட்டி எடோ நகரில் சுசுகி ஹருநோபு என்ற ஓவியரின் பல வண்ண மரக்கட்டை அச்சுப் படங்கள் வெளிவரத் தொடங்கின. அவற்றில் பனி மூடிய கிளை, வெள்ளைப் பூனையின் உடம்பு, உடுப்பின் நெசவு போன்ற இடங்களில் மை இருக்காது. மை தடவாத மரக்கட்டையின் மேல் ஈரமாக்கிய தாளைப் போட்டு, பின்னாலிருந்து தேய்த்து வடிவத்தை மட்டும் எழுப்பினார்கள். கராஸுரி என்று அதற்குப் பெயர், வெற்றச்சு என்று சொல்லலாம். தேய்க்கும் கருவி பரேன்: மூங்கில் பாளை நாரைக் கயிறாகத் திரித்துச் சுருட்டி, மேலே பாளையால் மூடிய ஒரு வட்டத் தட்டு. இன்னும் ஆழம் வேண்டிய இடத்தில் அச்சுக்காரர் முழங்கையை ஊன்றித் தேய்ப்பார். ஆம், முழங்கை. கோசோ என்ற முசுக்கட்டை இனத்துச் செடியின் நீண்ட நாரால் செய்த தடித்த தாள் அதைத் தாங்கியது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அருங்காட்சியகங்களில் அந்த மேடுகள் சரியாமல் நிற்கின்றன. கையால் எழுப்பியது நிலைக்காது என்று சொல்பவர்கள் ஹருநோபுவின் பனிக்குப் பதில் சொல்லட்டும்.

ஆனால் என் கட்சிக்கு எல்லாவற்றிலும் பெரிய சாட்சி இன்னொருவர். அவரைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

பாரிஸில் வாலந்தேன் ஆய் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். நல்ல மனிதர். சாதாரண எழுத்துகளையே பெரிதாக வார்த்து, ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி, விரலால் தடவிப் படிக்கும் புத்தகங்களைச் செய்தார். எழுத்து பெரிது, புத்தகம் கனம், படிப்பது மெதுவாக. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பிள்ளைகள் படிக்கலாம், எழுத முடியாது. எழுத்தை எழுப்பும் அச்சு வேறொருவர் கையில் இருந்தது.

அந்தப் பள்ளிக்கு லூயி பிரெயில் வந்து சேர்ந்தார். 1809-ல் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியால் கண்ணைக் குத்திக்கொண்டு, தொற்று பரவி இரு கண்களையும் இழந்த பிள்ளை. சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி, இருட்டில் படிக்கவென்று புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தார். கோடு பள்ளம் போட்ட பலகை, கூர் மழுங்கிய ஊசி, அவ்வளவுதான் கருவி. அதை எடுத்துச் செதுக்கி, ஒரு விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார் பிரெயில். 1824-ல் இது உருப்பெற்றபோது அவருக்கு வயது 15. 1829-ல் புத்தகமாக வெளியிட்டார்.

என்ன நடந்தது என்று பாருங்கள். அழுத்தும் அச்சு பிறர் கையில் இருந்தவரை அந்தப் பிள்ளைகள் வாசகர்கள் மட்டுமே. பலகையும் ஊசியும் தங்கள் கைக்கு வந்த அன்று எழுதுபவர்கள் ஆனார்கள். கணக்கு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், இசைக்குறிப்பு எழுதினார்கள். அத்தனையும் கையால் காகிதத்தில் எழுப்பிய மேடு! ஒவ்வொரு புள்ளியும் சுமார் அரை மில்லிமீட்டர் உயரம். ஒரே வரியை விரல்கள் நூறு முறை தடவும், புள்ளி தேயாமல் நிற்கும். பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சு 1951-ல் வந்தது, வேகமானது, நல்லது. அதே 1951-ல்தான் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கும் அதில் புள்ளிகள் உண்டு. தட்டச்சு வந்த பிறகும் பலகையும் ஊசியும் சட்டைப்பையில் அடங்கும் நோட்டுப் புத்தகமாக இன்றும் புழங்குகின்றன.

பிரெயில் பலகையில் வலமிருந்து இடமாக, தாளின் பின்பக்கத்தில் குத்த வேண்டும். திருப்பினால்தான் மேடு முன்பக்கம் வரும், இடமிருந்து வலமாகப் படிக்கலாம். வீட்டில் ஸ்டென்சில் வைத்து எம்பாஸிங் செய்பவரும் அப்படியே தாளைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து அழுத்துகிறார். இரண்டும் ஒரே வேலை. இதைக் கீறல் என்று சொன்னவரிடம் அன்று எனக்கு இதெல்லாம் சொல்லத் தோன்றவில்லையே என்று இன்றும் வருத்தம்தான்.

கீறல் என்ற சொல்லில் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாணி ஓலையைக் கீறும், அது அதன் வேலை. கூரான முனையை எடுத்துக் காகிதத்தில் மேடு எழுப்பப் போனால் கீறல்தான் மிஞ்சும். காம்பஸ் முனை, காய்ந்த ஜெல் பேனா, மெல்லிய ஊசி எல்லாம் நாரை அறுக்கும். குண்டு முனை நாரைத் தள்ளும். குண்டூசியின் கூர்ப்பக்கத்தைப் பென்சிலின் ரப்பரில் குத்தி நிறுத்தி, தலைப்பக்கத்தால் வேலை செய்யுங்கள். சின்ன வளைவுகளுக்கு அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. பெரிய வளைவுக்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. தீர்ந்துவிட்டதா என்று வீணான தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். அகலமான இடத்துக்குக் குரோஷே ஊசியின் மழுங்கிய பின்முனை.

ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். துணியில் பெயின்ட் செய்பவர்களும் ரங்கோலி அச்சு வெட்டுபவர்களும் எத்தனையோ காலமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கத்திக்கு இளகும், தண்ணீருக்கு இளகாது. ஒரு ஃபிலிம் மெல்லியது, ஆழம் வேண்டுமென்றால் இரண்டை ஒட்டி வெட்டலாம். கீழிருந்து வெளிச்சம் வர வேண்டும்: பகலில் ஜன்னல் கண்ணாடி, இரவில் இரண்டு புத்தக அடுக்கின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு, அடியில் செல்போன் டார்ச். கண்ணாடியின் விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், கை வெட்டும். ஃபிலிமைக் கண்ணாடியில் ஒட்டி, தாளைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டி, துளைகளின் ஓரத்தை மட்டும் தடவ வேண்டும். எழுத்தாக இருந்தால் ஃபிலிமை இடவலம் மாற்றி வைக்க மறக்காதீர்கள். நடுப்பகுதியைத் தேய்க்கத் தேவையில்லை. மேடு என்று கண் நம்புவது ஓரத்தில் விழும் நிழலை வைத்துத்தான். முதல் சுற்று பூப்போல, இரண்டாவது சுற்று அழுத்தி. முதல் சுற்றிலேயே முழுப் பலத்தையும் காட்டுபவர்கள்தான் தாளைக் கிழிப்பவர்கள். பின்பக்கம் மெழுகுவர்த்தியை லேசாகத் தடவினால் முனை வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் பிறகு அங்கே பசை ஒட்டாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தாள் 120-க்கும் 200-க்கும் இடைப்பட்ட ஜி.எஸ்.எம்., பூச்சில்லாததாக. நனைக்க வேண்டியதே இல்லை. 250-ஐத் தாண்டினால் வெளிச்சமும் ஊடுருவாது, கையும் சோரும்.

கெட்டியான தாளில் ஆழமான மேடு வேண்டுமா? அங்கேதான் எனக்குப் பிடித்த வழி இருக்கிறது, ஜப்பானியர் வழி. தடித்த அட்டையில் கோலம் ஒன்றைப் பென்சிலால் போட்டு, கோட்டின் மேல் பசை வைத்துச் சணலையோ கெட்டி நூலையோ பதித்து ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். மேலே நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, இல்லையென்றால் ஈரத் தாள் பட்டுப் பசை இளகி நூல் கையோடு வரும். பாலிஷும் நன்றாகக் காய வேண்டும். இன்னொரு பக்கம், பருத்திக் காகிதத்தை, பிழிந்த ஈரத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இட்லி மாவுக்குப் பதம் இருப்பது போல இதற்கும் பதம் உண்டு, இரண்டு முறை செய்தால் கை தானே கண்டுகொள்ளும். அச்சின் மேல் தாள், தாளின் மேல் மெல்லிய துணி, அதன்மேல் எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பு. சப்பாத்திக் கட்டையால் முதலில் ஒரு முறை உருட்டிவிட்டால் தாள் நகராது. நூலின் முறுக்கு வரைக்கும் தாளில் எழும்பும். அச்சின் மேலேயே பாதி காயவிட்டு எடுத்தால் மேடு சரியாது. காயும்போது மேலே கனம் ஏற்றாதீர்கள், எழுப்பியதை நாமே தட்டையாக்கிவிடுவோம்.

இலையும் அப்படித்தான். அரசிலையின் பின்பக்கம் நரம்பு மேலே தெரியும்படி வைத்து, ஈரத் தாளைப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அந்த நரம்பு வலையைக் கொண்ட அச்சு உறை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

ஊரின் காற்றும் கணக்கில் வரும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் காகிதம் தானாகவே ஈரம் இழுத்துக்கொள்ளும். எளிதாக மேடு எழும்பும், எளிதாகவே அமுங்கியும் போகும். அந்த நாட்களில் முடித்த அட்டையை மூடிய டப்பாவில் வையுங்கள். மே மாத வெயிலில் தாள் முறுகிக் கிடக்கும், அப்போது ஈரத் துணிக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பது நல்லது. மெஷின் வைத்திருப்பவரும் இந்தக் காற்றுக்குத் தப்ப முடியாது.

மெஷின் எப்போது வேண்டும் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை என்றால் சிவகாசிக்குப் போங்கள், அங்கே இருப்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அச்சடித்த எழுத்தின் மேல் இம்மி பிசகாமல் மேடு உட்கார வேண்டும் என்றாலும், சாமி முகம் போல மூக்கு ஓர் உயரம், கன்னம் ஓர் உயரம் என்று சிற்பமாக எழும்ப வேண்டும் என்றாலும் பித்தளை டையும் பெரிய பிரஸும்தான் வழி. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு, விரல் நடுங்கும் முதியவர்களுக்கு உருளை மெஷின் உதவியாக இருக்கும், அவர்கள் தயங்காமல் வாங்கலாம். கடைக்குச் செய்து கொடுத்துப் பிழைப்பவர்களுக்கும் கணக்கு வேறு. நான் பேசுவது வருஷத்துக்கு முப்பது நாற்பது வாழ்த்து அட்டை செய்ய நினைக்கும் வீட்டைப் பற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பற்றி. அவர்களிடம் "முதலில் மெஷின்" என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை, இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறது. வாங்கிய வீட்டுப் பிள்ளையோ உறையில் இருக்கும் அதே ரோஜாவை, அதே பட்டாம்பூச்சியை, அதே ஆங்கில வாழ்த்தை உருட்டி எடுக்கிறது. பொங்கல் அட்டைக்குக் கரும்பும் பானையும் வேண்டுமென்றால் உறை கிடையாது. "அ" என்று ஓர் எழுத்தை எழுப்ப உறை கிடையாது. போன தைக்கு என் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, தன் ஆச்சி வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நூலில் ஒட்டி, பழுப்புக் கைக்காகிதத்தில் எழுப்பிக் கொண்டுவந்தாள். ஆச்சிக்குக் கண் மங்கல். விரலால் தடவி, "இது என் கோலமாச்சே" என்றாராம். எந்த மெஷினோடு வந்த எந்த உறை அந்தக் கோலத்தைத் தந்திருக்கும்?

கைவினை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் வகுப்பில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். நான்கு வகைத் தாளைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது என்று கேளுங்கள். தாளைத் தெரிந்த பிள்ளைக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கத் தானாகவே தெரிந்துவிடும்.

பெற்றோர்களே, கடைக்குக் கிளம்பும் முன் இன்று ஓர் இரவு மட்டும் பொறுங்கள். ஒரு கெட்டித் தாளை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் ஓர் அரசிலையும் ஒரு ஸ்பூனும் எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். தேய்த்து எடுத்த தாளை நேராகப் பார்க்காதீர்கள், ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். அதன் பிறகும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள்.